பூக்காரம்மாவுக்கும் ஒரு நாற்காலி

போலீஸ் ஸ்டேஷனில் பொதுமக்கள் கூட்டம் நடந்தது என்று தெரியவந்தால் நான் முதலில் விசாரிப்பது, யார் யார் வந்திருந்தார்கள் என்பதைத்தான். மல்லேஸ்வரத்தில் அதற்குப் பெரும்பாலும் ஒரே பதில். குடியிருப்போர் சங்கத் தலைவர், செயலாளர், பணி ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர், அடுக்குமாடிக் குடியிருப்பின் சார்பில் ஒருவர், சம்பிகே ரோடு கடைக்காரர்கள் ஒன்றிரண்டு பேர். எல்லோரும் ஊர்மேல் அக்கறை உள்ளவர்கள். அவர்களில் பலர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஆனால் எட்டாவது கிராஸில் விடிவதற்கு முன்பே கூடையை இறக்கும் பூக்காரம்மா அந்தக் கூட்டத்தில் இல்லை. இஸ்திரி வண்டிக்காரர் இல்லை. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவரும் இல்லை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்களோ, ஏடிஎம் வாசலில் ராத்திரி முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனோ இல்லை. பகலும் இரவும் தெருவிலேயே இருக்கிறவர்களைக் கேட்காமல் தெருவின் பாதுகாப்பைப் பற்றி முடிவெடுத்துக்கொண்டிருக்கிறோம். இது மாற வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற தபால்காரன். 560003, 560021 என்ற இரண்டு பின்கோடுகளுக்குள் என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. முதலாவது மல்லேஸ்வரம், இரண்டாவது ஸ்ரீராமபுரம். நடுவில் ரயில்பாதை. அப்பா ராஜா மில் தொழிலாளி. வடஆற்காட்டிலிருந்து வேலை தேடி வந்தவர். அந்த மில் இருந்த இடத்தில்தான் இன்று மந்திரி மால் நிற்கிறது. மல்லேஸ்வரம் 1890களில் மைசூர் அரசு திட்டம்போட்டு அமைத்த பேட்டை. 1898இல் பிளேக் வந்தபோது பழைய பேட்டையின் நெருக்கடியிலிருந்து தப்பி ஜனங்கள் இங்கே வந்தார்கள். நேர்நேரான கிராஸ் தெருக்கள், வீட்டுக்குப் பின்னால் துப்புரவுச் சந்துகள், காடு மல்லேஸ்வரர் கோயில் என்று அகலமாக, காற்றோட்டமாக அமைந்த ஊர். ஸ்ரீராமபுரத்தை அப்படி யாரும் கோடு போட்டு அமைக்கவில்லை. மில்லுக்கும் கட்டட வேலைக்கும் வந்த ஜனங்கள், அதில் தமிழர்கள் ஏராளம், கிடைத்த இடத்தில் கட்டிக்கொண்ட ஊர் அது. நான் இப்போதும் அங்கே, தேவையா பார்க் பக்கம்தான் குடியிருக்கிறேன்.

இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் நான் சொல்வது விளங்கும்.

2025 ஜூலையில் கர்நாடக அரசு 'மனெ மனெகே போலீஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. உள்துறை அமைச்சர் ஜி. பரமேஸ்வரா தொடங்கிவைத்தார். வீட்டுக்கு வீடு போலீஸ். ஸ்டேஷன் எல்லையை 40, 50 வீடுகள் கொண்ட தொகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, பீட் போலீஸார் கதவைத் தட்டி, குறை என்ன, பயம் என்ன என்று கேட்பார்கள். இதை நான் மனதார வரவேற்கிறேன். போலீஸ் வாசலுக்கு வந்தாலே ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கும் நிலை மாறினால் நல்லதுதான். கேரளத்தில் நீதிபதி கே.டி. தாமஸ் கமிஷனின் பரிந்துரையை ஒட்டி 2008இல் 20 ஸ்டேஷன்களில் தொடங்கிய ஜனமைத்ரி திட்டமும் இப்படித்தான் வீடு வீடாகப் போனது.

ஆனால் வீட்டை அடிப்படையாக வைத்தால் மல்லேஸ்வரத்தில் பாதிப் பேர் கணக்கில் வரமாட்டார்கள். எட்டாவது கிராஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நடைபாதையில் பூவும் பழமும் வாழைக்கன்றும் வளையலும் விற்பவர்களில் பெரும்பாலோருக்கு மல்லேஸ்வரத்தில் வீடு கிடையாது. ஸ்ரீராமபுரத்திலிருந்தோ ஓக்கலிபுரத்திலிருந்தோ, இன்னும் தள்ளியோ வருகிறார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மல்லேஸ்வரம் ஸ்டேஷன் எல்லையில் உழைக்கிறார்கள். தூங்குவது வேறொரு ஸ்டேஷன் எல்லையில். வீட்டுக் கதவைத் தட்டும் பீட் போலீஸ் வருகிற நேரம் அவர்கள் வீடு பூட்டியிருக்கும். அவர்கள் இருக்கும் நடைபாதைக்கோ கதவே இல்லை. வீட்டு வேலை செய்யும் பெண்கள், செக்யூரிட்டி ஆட்கள், ஓட்டல் பையன்கள், மெட்ரோவில் வந்து இறங்கும் கடைச் சிப்பந்திகள் எல்லோரும் இதே கதிதான். ஆக, அந்த 40, 50 வீடுகளின் பட்டியலில் வீட்டுக்காரர் இருப்பார். அந்த வீட்டை நடத்திக்கொடுக்கும் ஆட்கள் இருக்கமாட்டார்கள்.

அதே எட்டாவது கிராஸில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பூக்காரம்மா இருக்கிறார். விடியற்காலை கே.ஆர். மார்க்கெட்டில் சரக்கு எடுத்து, ஆட்டோவில் நாலு பேர் சேர்ந்து வருவார்கள். ஈரச் சாக்கை விரித்து, மல்லிகையை ஒரு பக்கம், கனகாம்பரத்தை ஒரு பக்கம் கொட்டி, வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து வைத்துவிட்டுத்தான் டீ குடிப்பார். கை பூக்கட்டிக்கொண்டே இருக்கும், கண் தெருவில் இருக்கும். எந்தப் பால் வண்டி எத்தனை மணிக்கு வரும், எந்த வீட்டு முதியவர் வாக்கிங் முடித்து எந்தப் பக்கமாகத் திரும்புவார், எந்தக் கடை ஷட்டர் இன்று தாமதமாகத் திறந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஒருநாள் காலை பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாளின் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். பைக்கில் வந்த இருவரும் அதற்கு முன் இரண்டு தடவை எட்டாவது கிராஸைச் சுற்றிப் போனதை இவர் பார்த்திருக்கிறார். பின்னால் இருந்தவன் போட்டிருந்த சட்டை நிறம்வரை ஞாபகம் இருந்தது. போலீஸ் வந்தது, கேமரா பதிவு எங்கே என்று கடைக்காரர்களைக் கேட்டது, போயிற்று. இவரை யாரும் கேட்கவில்லை. இவரும் போய்ச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா சாட்சின்னு எழுதிக்குவாங்கண்ணா. அப்புறம் ஸ்டேஷனுக்கு வா, கோர்ட்டுக்கு வான்னு அலைய விடுவாங்க. அன்னிக்கு வியாபாரத்த யாரு பாப்பா? இங்க கடை போட்டிருக்கறதே தப்புன்னு சொல்றவங்க கிட்ட நானா போயி மூஞ்சியக் காட்டணுமா?"

இந்தப் பதிலில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. கூலி போகும். அலைச்சல் வரும். மூன்றாவதுதான் முக்கியம்: எந்த அதிகாரம் தன்னிடம் தகவல் கேட்கிறதோ அதே அதிகாரத்துக்கு முன்னால் தான் ஒரு குற்றவாளிபோல் நிற்க வேண்டியிருக்கிறது. நடைபாதையை விட்டு எழுப்ப வரும் மாநகராட்சி வண்டிக்குப் பாதுகாப்பாகப் போலீஸும் வருகிறது. அந்தக் காக்கிச் சட்டையை நம்பி அவர் எப்படி வாயைத் திறப்பார்?

இத்தனைக்கும் சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமைக்க வேண்டிய நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. அதே குழுவில் போலீஸுக்கும் டிராபிக் போலீஸுக்கும் இடம் உண்டு. அதாவது பூ விற்கும் பெண்ணும் போலீஸ் அதிகாரியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசலாம் என்று பாராளுமன்றமே ஏற்றுக்கொண்டு சட்டமாக்கிவிட்டது. ஒரு ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் தன் மாதாந்திரக் கூட்டத்தில் அதே பெண்ணுக்கு ஒரு நாற்காலி போடுவதற்குத் தனியாக எந்த அரசாணையும் தேவையில்லை.

பெங்களூரில் இந்த முயற்சி புதிதும் அல்ல. பத்தாண்டுக்கு மேலாகவே 'ஏரியா சுரக்ஷா மித்ரா' என்ற பெயரில், ஜனாக்ரஹா அமைப்பும் நகரப் போலீஸும் சேர்ந்து குடிமக்களில் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கமிஷனராக தயானந்தா இருந்தபோது மாதத்தில் ஒரு சனிக்கிழமை மக்களைச் சந்திக்கும் நாள் என்று ஸ்டேஷன்களில் வைத்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்தவை. ஆனால் தன்னார்வலராக வருவதற்கு நேரம் வேண்டும், பேச்சு வேண்டும், ஸ்டேஷன் படியேறும் தைரியம் வேண்டும். இந்த மூன்றும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களிடம்தான் இன்ஸ்பெக்டரின் செல்போன் நம்பரும் ஏற்கெனவே இருக்கும். கூட்டத்தில் பேசப்படும் விஷயங்களும் அப்படியே அமையும்: வீட்டு வாசலில் வண்டி நிறுத்துகிறார்கள், நடைபாதையை அடைத்துக் கடை போடுகிறார்கள், வேலைக்காரர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும், ராத்திரியில் சந்து முனையில் பையன்கள் கூடுகிறார்கள். இந்தப் புகார்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாப் புகாரும் யாரைப் பற்றியதோ அவர்கள் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை.

இப்படிச் சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 1981இல் லண்டனின் பிரிக்ஸ்டன் என்ற பகுதி காட்டியது. 'ஸ்வாம்ப் 81' என்று பெயர் வைத்துக்கொண்டு, போலீஸ் சில நாட்களுக்குள் 900க்கும் மேற்பட்டவர்களைத் தெருவில் நிறுத்திச் சோதித்தது. பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள். ஏப்ரலில் ஊர் பற்றி எரிந்தது. ஸ்கார்மன் பிரபு நடத்திய விசாரணைக்குப் பிறகு, அந்தந்தப் பகுதி மக்களின் கருத்தைப் போலீஸ் கேட்டே தீர வேண்டும் என்று 1984இல் சட்டத்திலேயே எழுதினார்கள். அவ்வளவு சேதம் ஆன பிறகு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஸ்ரீராமபுரம் பையன் ஒருவன் ராத்திரி ஷிப்ட் முடித்து மல்லேஸ்வரம் வழியாக வண்டியில் வந்தால் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஸ்ரீராமபுரம் என்று சொன்னதும் குரல் மாறும். அந்த ஊரில் ரவுடி பட்டியலில் இருக்கிற சிலரின் பெயரால் ஊர் முழுக்கப் பட்டியலில் ஏறிவிட்டது. 2013 ஏப்ரல் 17ஆம் தேதி காலை மல்லேஸ்வரத்தில் பாஜக அலுவலகத்துக்கு அருகே மோட்டார் சைக்கிளில் வைத்த குண்டு வெடித்தது. 16 பேர் காயமடைந்தார்கள், அதில் காவலுக்கு நின்ற போலீஸாரும் உண்டு. சட்டசபைத் தேர்தல் நேரம். வெடித்த வண்டியில் தமிழ்நாட்டுப் பதிவெண் இருந்தது, கைதானவர்களில் சிலர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அதன்பின் எங்கள் தெருவில் சேலம் பதிவெண் ஸ்கூட்டர் வைத்திருந்த ஒரு பையனை வழிநெடுக நிறுத்தினார்கள். அந்தச் சமயத்தில் சோதனை தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நிறுத்தியவர்களில் ஒருவருக்காவது அவனை முன்பே தெரிந்திருந்தால், தினமும் அந்த வழியாகப் போகிற எலக்ட்ரீஷியன் இவன் என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். மிச்ச நேரத்தைத் தெரியாத வண்டிகளைப் பார்க்கச் செலவழித்திருக்கலாம்.

தெரிந்திருப்பது என்றால் என்ன என்பதை நான் 1991 டிசம்பரில் பார்த்தேன். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அந்த வருடம் ஜூனில் வந்தது. டிசம்பர் 12, 13 தேதிகளில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் போயின. எங்கள் தெருவுக்குள் புகுவதற்கு ஒரு கூட்டம் முனையில் நின்றது. ஆயுதப்படை இன்னும் வந்து சேரவில்லை. வந்தவர் எங்கள் பீட்டில் பல வருடமாக இருந்த ஒரு ஹெட் கான்ஸ்டபிள். கன்னடர். கையில் லத்தி மட்டும். அவர் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தவில்லை. முன்னால் நின்ற பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இன்னாருடைய மகன் நீ, உன் அண்ணன் இன்ன கடையில் வேலை, நாளைக்கு உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று ஒவ்வொருவனாகக் கேட்டார். பெயர் வெளியே வந்ததும் கூட்டம் கூட்டமாக இருக்க முடியவில்லை. ஒருவன் பின்வாங்கினான், பிறகு இன்னொருவன். எங்கள் தெரு தப்பியது. எல்லாத் தெருவும் அப்படித் தப்பவில்லை.

அந்த மனிதரால் அதைச் செய்ய முடிந்ததற்கு ஒரே காரணம் அவர் அதே பீட்டில் நிலைத்து இருந்ததுதான். தபால்காரனுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்கும் பீட் உண்டு. புதிதாக ஒரு பீட்டுக்கு வந்தவன் முகவரியைப் படித்துத் தபால் கொடுப்பான். அதே பீட்டில் ஊறியவன், கதவு எண் தப்பாக இருந்தாலும் எந்த வீட்டுக்கு என்று சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். முகவரியில் இருப்பவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், மாதக் கடைசியில்தான் வருவார் என்பதுவரை அவனுக்குத் தெரியும். தனியாக இருக்கும் முதியவர் இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லை என்பதை முதலில் கவனிப்பதும் அவன்தான். இன்று மல்லேஸ்வரத்தின் பழைய வீடுகளில் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற வயதானவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு முகம் தெரிந்த ஒரு பீட் போலீஸ்காரர் இருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிகளுக்குக் குறைந்தது இரண்டு வருடம் அதே இடத்தில் பணிக்காலம் வேண்டும் என்று உத்தரவிட்டது. அரசியல் தலையீட்டால் அடிக்கடி தூக்கியடிக்கப்படுவதைத் தடுக்க வந்த உத்தரவு அது. அதே கண்டிப்பைப் பீட் கான்ஸ்டபிளுக்கும் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறேன். இன்றைய நடைமுறையில் ஒரு பீட் கான்ஸ்டபிள் காலையில் பந்தோபஸ்து, மதியம் சம்மன் கொடுக்க, சாயங்காலம் மந்திரி வரும் வழியில் காவல், இதற்கு நடுவில் தன் பீட்டுக்குப் போய் வந்ததாக மொபைலில் பதிவு செய்யவும் வேண்டும். பதிவு விழுந்துவிடும். பூக்காரம்மாவிடம் இரண்டு வார்த்தை பேச நேரம் இருக்காது. பாதுகாப்பான நகரம் திட்டத்தில் நகரெங்கும் 7,000க்கும் மேற்பட்ட கேமராக்கள் வந்துவிட்டன. வரட்டும். சங்கிலி பறிபோன பிறகு அவை உதவும். அதற்கு முன் இரண்டு தடவை சுற்றிப் போன பைக்கைப் பற்றி யார் வாய் திறந்து சொல்வார்கள் என்பதுதான் என் கவலை.

சரி, அப்படியானால் தெருவில் இருப்பவர்களையே தன்னார்வலர்களாக்கிச் சட்டையும் அடையாள அட்டையும் கொடுத்துவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். கூடாது. இதில் தமிழ்நாடு பட்ட பாடு நமக்குப் போதும். 1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பைத் தொடங்கினார். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 குண்டுவெடிப்பில் காயம்பட்டுப் பிழைத்தவர் அவர். போலீஸும் மக்களும் நெருங்க வேண்டும் என்ற அவருடைய எண்ணம் உயர்ந்தது. மாநிலம் முழுக்கப் பரவியது, வெளிநாட்டில் பாராட்டும் கிடைத்தது. ஆனால் வருடங்கள் போகப்போகப் பல இடங்களில் அந்த நண்பர்கள் வாகனச் சோதனையில் கைகாட்டி நிறுத்துகிறவர்களாக, ஸ்டேஷனில் எடுபிடியாக மாறினார்கள். 2020 ஜூன் 19ஆம் தேதி சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும், ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துப் போனார்கள். மகன் 22ஆம் தேதி, தகப்பன் 23ஆம் தேதி இறந்தார்கள். அந்த ராத்திரி ஸ்டேஷனில் இந்தத் தன்னார்வலர்களும் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் தமிழக அரசு அமைப்புக்கே தடை போட்டது.

அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மக்களைக் காப்பதற்காக வந்த நட்பு, ஸ்டேஷனின் சுவர்களுக்குள் போனதும் போலீஸின் நிழலாகிவிட்டது. ஆகவே மல்லேஸ்வரத்தில் பூக்காரம்மாவுக்குச் சட்டை வேண்டாம், விசில் வேண்டாம், யாரையும் நிறுத்திக் கேட்கும் அதிகாரம் வேண்டவே வேண்டாம். அவர் பூ விற்கட்டும். தான் கண்டதையும் தன் குறையையும் சொல்ல ஓர் இடம் இருந்தால் போதும். சொன்னதற்காக அவரை ஸ்டேஷனுக்கு இழுக்கமாட்டோம் என்ற உறுதியும் வேண்டும். சாட்சியாகப் பெண்களை விசாரிக்க வேண்டுமென்றால் அவர்கள் வசிக்கும் இடத்துக்கே போக வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160ஆவது பிரிவு சொன்னது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. வீட்டில் நகை காணாமற்போனால் முதல் சந்தேகம் வேலைக்காரப் பெண்மேல் விழும் இந்த ஊரில், இந்தப் பிரிவைக் கொட்டை எழுத்தில் எழுதி, கன்னடத்திலும் தமிழிலும், ஒவ்வொரு அடுக்குமாடியின் லிஃப்ட் பக்கத்திலும் ஒட்ட வேண்டும்.

கூட்டாளி என்றால் எதிர்த்துப் பேசவும் உரிமை உண்டு. இது நடுத்தர வர்க்கத்துக்கும் பொருந்தும். 2023 பிப்ரவரியில் சாங்கி ஏரிக்கரையில் மேம்பாலத்துக்காக மரம் வெட்டக் கூடாது என்று மல்லேஸ்வரம், சதாசிவநகர்வாசிகள் அமைதியாக நடந்து போனார்கள். முதியவர்கள், பெண்கள், குழந்தைகள். ஃப்ரீடம் பார்க் தவிர வேறெங்கும் போராட்டம் நடத்தக் கூடாது என்ற 2021 ஆணையைக் காட்டி, கலந்துகொண்டவர்கள்மீது வழக்குப் பதிவானது. பாதுகாப்புக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வந்து உட்காரும் அதே மாதிரி மனிதர்கள்தான். தன் ஏரிக்காக நாலு அடி நடந்ததற்கு வழக்கு என்றால், மறுமாதம் அவர் எந்த மனதோடு வருவார்? ஸ்ரீராமபுரத்துக்காரன் நெடுங்காலமாக அனுபவிக்கிற உணர்வு அது. அன்று சாங்கி கரைக்காரர்களுக்கும் தெரிந்தது. இரு பக்கமும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதற்கு இதைவிட நல்ல சமயம் இல்லை என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

அப்படி உட்கார்ந்ததால் பலன் கிடைத்த ஊர் ஒன்று உண்டு. மும்பையை அடுத்த பிவண்டி. விசைத்தறி ஓடும் ஊர், 1984இல் பயங்கரமான மதக் கலவரம் கண்ட ஊர். 1988இல் அங்கே துணைக் கமிஷனராக இருந்த சுரேஷ் கோப்டே, வழக்கமான சமாதானக் கமிட்டிப் பெரியவர்களை மட்டும் நம்பியிராமல், ஒவ்வொரு பகுதியிலும் இந்துக்களும் முஸ்லிம்களுமாகச் சாதாரண ஜனங்களைச் சேர்த்து மொஹல்லா கமிட்டிகள் அமைத்தார். தண்ணீர்த் தகராறு, வாய்க்கால் தகராறு போன்ற சில்லறை விஷயங்களை அங்கேயே பேசித் தீர்த்தார்கள். தெரிந்த முகங்கள் ஆனார்கள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பக்கத்திலே மும்பை எரிந்தபோது பிவண்டி எரியவில்லை. சண்டை வருவதற்கு நாலு வருடம் முன்பே தொடங்கிய வேலை அது. காவிரி விவகாரம் மறுபடி எப்போது கொதிக்கும் என்று யாருக்கும் தெரியாது. 2016 செப்டம்பரில் கொதித்தபோது தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் டிப்போவில் வரிசையாக எரிந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். மழை நன்றாகப் பெய்து அணை நிரம்பியிருக்கிற வருடத்தில்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

மல்லேஸ்வரம் ஸ்டேஷனுக்கும் ஸ்ரீராமபுரம் ஸ்டேஷனுக்கும் நான் கேட்பது இவ்வளவுதான். இரண்டு ஸ்டேஷனும் சேர்ந்து மாதம் ஒரு கூட்டம் போடட்டும். எல்லைக் கோடு போலீஸுக்கு. ஜனங்கள் தினமும் அந்தத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் பிழைக்கிறார்கள். பீட் பதிவில் வீடுகளோடு சேர்த்து ஒவ்வொரு நடைபாதைக் கடையும், ஆட்டோ ஸ்டாண்டும், இஸ்திரி வண்டியும், காவலாளி உட்காரும் ஸ்டூலும் ஓர் இடமாக எழுதப்படட்டும். பீட் கான்ஸ்டபிளை இரண்டு வருடத்துக்கு அசைக்காதீர்கள். மாற்ற வேண்டிவந்தால் பழையவர் புதியவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்து அறிமுகம் செய்துவைக்கட்டும். எங்கள் இலாகாவில் அப்படித்தான் செய்வோம். கூட்டத்தில் வந்த புகார் என்ன, அதற்கு என்ன செய்தார்கள் என்பதை அடுத்த கூட்டத்தில் முதலில் வாசிக்கட்டும். போலீஸ்மேலேயே புகார் இருந்தால் எங்கே போகலாம் என்ற முகவரியும் அதே பலகையில் இருக்கட்டும். அப்படி ஒரு புகார் ஆணையம் வேண்டும் என்பதும் 2006 தீர்ப்பில் உள்ளதுதான்.

குடியிருப்போர் சங்கத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவைக் கூடவே அழைத்துப் போங்கள். அன்றைய சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். இன்ஸ்பெக்டர் உங்களைக் கேட்பதற்கு முன் அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கூட்டத்தை ஸ்டேஷனுக்குள் வைக்க வேண்டாம். எட்டாவது கிராஸ் பக்கத்திலேயே ஏதாவது ஒரு பள்ளி மைதானமோ சமுதாயக் கூடமோ கிடைக்கும். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை அங்கே வியாபாரம் மந்தம். அந்த நேரம் வையுங்கள். வெள்ளிக்கிழமையும் வரமகாலட்சுமி, கௌரி பண்டிகைகளுக்கு முந்தின நாட்களும் மட்டும் வேண்டாம். அன்று பூ விற்கிறவர்கள் யாரும் வரமாட்டார்கள்.